குணசீலனின் ஒபீஸ் முகம்

மேக்கப் படிக்கப் போவதாக மனைவி அனுசூயா சொன்ன அன்று குணசீலன் சிரிக்கவில்லை. "நல்லது, படியும்" என்று சொல்லிவிட்டு, ஏதோ சாமான் எடுக்கப் போகிறவன்போல கராஜுக்குள் போனான். கதவைச் சாத்திய பிறகு அங்கே அவன் விழுந்து விழுந்து சிரித்தது சமையலறைவரை கேட்டது.

சிரிப்பதற்கு அவனிடம் காரணம் இருந்தது. பகலில் ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அனுசூயா, பல வருஷமாகச் சொந்தக்காரர் வீட்டுக் கலியாணங்களில் மணப்பெண்ணை அலங்கரித்து வெளிக்கிடுத்துகிறவளும்கூட. சேலைக் கொசுவம் அவள் பிடித்தால் விடியும்வரை குலையாது. முகம்தான் பிரச்சினை. கர்க்லாண்டில் இருக்கும் குணசீலனின் அக்கா புஷ்பவதியின் மகள் ரஞ்சனாவுக்கு அவள்தான் பவுடர் போட்டாள். அந்தக் கலியாணப் படம் அக்கா வீட்டு வரவேற்பறையில் ஒரு கதவளவு பெரிதாக மாட்டியிருந்தது. முகம் பால் வெள்ளை. கழுத்து அதன் சொந்த நிறம். போகும்போதெல்லாம் குணசீலன் அதன் முன்னால் நின்று, "அக்கா, இதிலை நிக்கிற ரெண்டு பேரும் ஆர்?" என்று கேட்பான். ரஞ்சனா தனியாக நிற்கும் படம் அது.

டிசம்பரில் நத்தார் லீவிலும் அவன் அதையே மறுபடியும் கேட்டான். ஜனவரியில் அனுசூயா சான்-ஹுபேர் தெருவிலுள்ள ஒரு அழகுக்கலைப் பள்ளியில் சனிக்கிழமை வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டாள்.

ஆசிரியை ஜோசியான், அனுசூயாவைவிடப் பதினைந்து வயதாவது இளையவள். மூக்கில் வளையம், கழுத்தில் பச்சை குத்திய பல்லி. அவள் பேசும் கெபெக் பிரெஞ்சு, பஸ் பிடிக்க ஓடுகிறவர்களின் பேச்சுப்போல இருந்தது. ஆனால் பிரஷ்ஷைக் கையில் எடுத்துவிட்டால் நிதானமாகிவிடுவாள். முகத்தில் நிழல் போடும் வித்தைக்கு அவள் சொன்ன பெயர் கொன்ரூர். வெளிர் நிறம் பூசிய இடம் முன்னுக்கு வரும், கருமை பூசிய இடம் பின்னுக்குப் போகும், முழு வித்தையும் அவ்வளவுதான் என்றாள். பிறகு அந்த அவ்வளவை வாரக் கணக்கில் சொல்லிக்கொடுத்தாள். ஒபீசுக்குப் போகிற முகத்தில் நிழல் இருப்பதே யாருக்கும் தெரியக்கூடாது. டிவி விளக்குகள் முகத்தைத் தட்டையாக்கிவிடும், அதனால் அங்கே கன்னத்தையும் மூக்கையும் திரும்ப வரைய வேண்டும். மேடை முகம் என்றால் கடைசி வரிசையில் இருப்பவருக்கும் மூக்கு எங்கே என்று தெரிய வேண்டும்.

பள்ளி கொடுத்த மேக்கப் பெட்டியில் இருந்த ஆகக் கருமையான நிறத்தை அனுசூயா தன் கன்னத்தில் இழுத்துப் பார்த்தாள். நிழல் விழவில்லை. அடுப்புச் சாம்பல் ஒட்டியதுபோல இருந்தது. ஜோசியானே வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். பக்கத்தில் இருந்த ஹெயிட்டிக்காரி மிஷ்லின், "அது எங்களுக்குச் செய்த பெட்டி இல்லை, என்னோடு வா" என்று வகுப்பு முடிந்ததும் மெத்ரோவில் கூட்டிக்கொண்டு போனாள். அவள் காட்டிய கடையில் மண்ணிறத்தில் மட்டுமே ஒரு முழு அலுமாரி நின்றது. கோப்பி, கறுவா, ஈரமண், சுட்ட செங்கல். தன் கழுத்தின் நிறத்தை அங்கே ஒரு சின்னப் புட்டியில் கண்டுபிடித்த சந்தோசத்தில், வீட்டுக்கு வாங்க வேண்டிய பாலை அனுசூயா மறந்துபோனாள்.

அடுத்த வகுப்பில் ஜோசியான் வீட்டுப்பாடம் கொடுத்தாள். ஒரே முகம், மூன்று விதம்: ஒபீஸ், டிவி, மேடை.

யாருடைய முகம்? மகன் அக்‌ஷய் ஒட்டாவாவில் படித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் இருந்திருந்தாலும் தந்திருக்க மாட்டான். பியர்பொன்ட்ஸ் புறநகரில் இருந்த அவர்கள் வீட்டில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு முகம். அது அப்போது சோபாவில் சாய்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தது.

"என்ரை முகமோ? உமக்கு விசரே? இது பொம்பிளையளின்ரை விளையாட்டு."

"நல்ல வட்ட முகம் அப்பா. வட்ட முகத்திலை செய்து காட்டினால்தான் மதிப்பாம்."

"ஆர் சொன்னது?"

"ஜோசியான்." அவள் அப்படிச் சொல்லவில்லை.

குணசீலன் யோசித்தான். மட்ச் முடியும்வரை தன்னை எழுப்பக்கூடாது, யன்னல் சீலைகளை மூட வேண்டும், மீசையில் கை வைக்கக்கூடாது என்று நிபந்தனை போட்டான். அனுசூயா எல்லாவற்றுக்கும் ஓம் என்றாள். ஒரு விக்கெட் விழுந்தபோது அவன் துள்ளியதில் மூக்குக்குப் போட்ட கோடு காதுவரை போனது. அதை அழித்துத் திரும்பப் போட வேண்டியதாயிற்று.

முதல் நாள் மேடை முகம். கன்னங்கள் குழிந்து, புருவம் தடித்து, மூக்கு கத்திபோல எழும்பி, கூத்துக்கு ராசா வேஷம் கட்டியவன்போல இருந்தான். ஆனால் அவன் இன்னும் கண்ணாடி பார்க்கவில்லை. வாசல் மணி அடித்தது. பழக்கதோசத்தில் எழும்பிப் போய்க் கதவைத் திறந்தான். பார்சல் கொண்டுவந்த பொடியன் ஒரு அடி பின்வாங்கி, பார்சலை இரண்டு கையாலும் நீட்டி, "மெர்சி, மிசியே" என்று தானே நன்றி சொல்லிவிட்டுப் போனான். குணசீலன் திரும்பி வந்தபோது அனுசூயா தலையணையில் முகத்தைப் புதைத்திருந்தாள்.

"ஏன் சிரிக்கிறீர்?"

"நான் சிரிக்கேல்லை. கொஞ்சம் கராஜுக்குப் போட்டு வாறன்."

அடுத்தது டிவி முகம். இந்த முறை அவனே உற்சாகமாகிவிட்டான். முடிந்ததும் சாப்பாட்டு மேசையில் நிமிர்ந்து இருந்து, "வணக்கம். பியர்பொன்ட்ஸ் செய்திகள். இன்று மாலை ஒரு அப்பாவி மனிசன் தன்ரை வீட்டிலேயே, தன்ரை மனிசியாலேயே..." என்று வாசிக்கத் தொடங்கினான். "வாயை ஆட்டாதையுங்கோ, பவுடர் வெடிக்குது" என்று அவள் அதட்டினாள்.

மூன்றாவதுதான் ஒபீஸ் முகம். அதற்கு அவள் எடுத்த பொருட்கள் குறைவு, எடுத்த நேரம் அதிகம். தாடையோரமாக ஒரு மெல்லிய நிழல். கண்ணுக்குக் கீழே சிறிது வெளிச்சம். பிறகு எல்லாவற்றையும் ஸ்பொஞ்சால் ஒத்தி ஒத்தி, போட்ட தடயமே இல்லாமல் ஆக்கினாள். கண்ணாடியைக் கொடுத்தபோது குணசீலன் செய்தி வாசிக்கவில்லை. முகத்தை இடப்பக்கம் திருப்பினான். வலப்பக்கம் திருப்பினான். துறைமுகத்துக்கும் பண்டகசாலைகளுக்கும் நடுவே லொறி ஓட்டத் தொடங்கியதிலிருந்து, கழுத்துக்கும் முகத்துக்கும் இடையில் இருந்த எல்லை கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போயிருந்தது. அது திரும்பி வந்திருந்தது. நன்றாக நித்திரை கொண்டு எழும்பிய ஒரு மனிதன் கண்ணாடிக்குள் இருந்தான்.

"ம்" என்று மட்டும் சொல்லிவிட்டு முகம் கழுவப் போனான். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்க வெகுநேரம் எடுத்தது.

இரண்டு நாள் கழித்துத் தேத்தண்ணீர் குடிக்கும்போது, கோப்பையைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அந்த ஒபீஸ் முகம்... எவ்வளவு நேரத்துக்கு நிக்கும்?"

"ஏன்?"

"சும்மா."

"சும்மாவுக்கு ஒரு மணித்தியாலம் நிக்கும். விசயத்தைச் சொன்னால் பின்னேரம்வரை நிக்கும்."

விசயம் இதுதான். அவன் வேலை செய்யும் லொறிக் கம்பனியில் டிஸ்பாச்சர் இடம் ஒன்று காலியாகியிருந்தது. எந்த லொறி எந்தக் கொண்டெய்னரை எங்கே கொண்டுபோவது என்று மேசையில் இருந்தே பிரித்துக்கொடுக்கும் வேலை. முன்பும் கேட்டிருந்தான். வேறு ஆளுக்குப் போய்விட்டது. அதற்கு முதலும் கேட்டிருந்தான். "நீ நல்ல வேலைக்காரன், ஆனால் எப்போதும் களைச்சுப்போன ஆள் மாதிரி இருக்கிறாய்" என்று யாரோ சொன்னது அவனுக்குள் முள்ளாகக் கிடந்தது. வியாழக்கிழமை நேர்முகம்.

அனுசூயாவுக்கு அவனைப் பகிடி பண்ண நிறைய இருந்தது. முகத்தைப் பார்த்ததும் பாதியை விட்டுவிட்டாள். மீதிப் பாதியை விடவில்லை.

"பொம்பிளையளின்ரை விளையாட்டு எண்டெல்லே சொன்னியள்?"

"சொன்னன்தான். இப்ப என்ன?"

"ஒண்டுமில்லை. அந்த அறையிலை என்ன லைட்?"

"லைட்தான். வேறை என்ன?"

"மஞ்சளோ, ரியூப் லைட்டோ? யன்னல் இருக்கோ? வெளிச்சம் தெரியாமல் நிழல் போடேலாது. இஞ்சை படுக்கையறையிலை போட்டால் அங்கை செம்மஞ்சளாத் தெரிஞ்சாலும் தெரியும்."

குணசீலனுக்கு அந்த அறையில் யன்னல் இருந்ததா என்பதே ஞாபகம் இல்லை. ஆகவே வியாழக்கிழமை அனுசூயா கார்டெரிக்கு லீவு சொல்லிவிட்டு, பெட்டியோடு காரில் ஏறினாள். கம்பனி வாகனத் தரிப்பிடத்தில் மார்ச் மாதப் பனி இன்னும் உருகாமல் குவிந்து கிடந்தது. அதில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் காருக்குள் சீராக விழுந்தது. ஜோசியான் பார்த்திருந்தால் பொறாமைப்பட்டிருப்பாள். அனுசூயா அவனுடைய கோட்டுக் கழுத்தில் துவாயைச் சொருகிவிட்டு வேலையைத் தொடங்கினாள்.

ஒரு பக்கத் தாடை முடிந்தபோது யன்னல் கண்ணாடியில் தட்டுச் சத்தம். அருமைநாதன். குணசீலனோடு லொறி ஓட்டுகிறவர், ஊர்ச் செய்திகளை லொறியைவிட வேகமாகக் கொண்டுபோகிறவர்.

கண்ணாடியை இறக்காமல் இருக்க முடியவில்லை.

"என்ன குணம், முகத்திலை என்ன? காயமோ?"

"அலர்ஜி அண்ணை" என்றான் குணசீலன். "மருந்து பூசுறா."

"அட, எனக்கும் கழுத்திலை ஒரே கடி, சொறிஞ்சு முடியேல்லை. குளிருக்கு. தங்கச்சி, அதிலை கொஞ்சம் தாருமன்."

அனுசூயா முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை. அருமைநாதனின் கழுத்து நிறத்தைக் கவனமாகப் பார்த்து, பொருத்தமான புட்டியைத் தேர்ந்து, இரண்டு சொட்டு எடுத்துப் பூசிவிட்டாள். "தேய்க்காதையுங்கோ அண்ணை, ஒத்துங்கோ" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் அவர் கடி நின்றுவிட்டதாகச் சொல்லி மருந்தின் பெயரைக் கேட்டது வேறு கதை.

குணசீலன் உள்ளே போனான். அனுசூயா ஹீட்டரைப் போட்டுக்கொண்டு காரில் இருந்தாள். கதவைத் திறந்து போன அவனுடைய நடையில் ஒரு நிமிர்வு இருந்ததைக் கவனித்தாள். கொஞ்ச நேரத்தில் கண்ணாடியை இறக்கி, அந்தக் கட்டடத்தில் யன்னல் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். மேலே ரியூப் லைட் என்றால் கண்ணுக்குக் கீழே போட்ட வெளிச்சம் வெள்ளையாக எழும்புமா? ஆட்கள் கண்டுபிடித்துவிட்டால் அவன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பான்? வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம் என்று நினைத்தாள்.

அவன் திரும்பி வந்தபோது முதலில் தெரிந்தது முகம்தான். இடப்பக்கம் தாடை இருந்தது. வலப்பக்கம் இல்லை.

"என்ன செய்தியள்?"

"அறை வெக்கையப்பா. லேஞ்சியை எடுத்துத் துடைச்சுப் போட்டன்." கைலேஞ்சியை விரித்துக் காட்டினான். வெள்ளைத் துணியில் கோப்பி ஊற்றியதுபோல ஒரு பட்டை.

"ஐயோ! அவையள் கண்டவையே?"

"காணாமல்? மூண்டு பேரும் லேஞ்சியைத்தான் பார்த்தவை. பேந்து பொய் சொல்ல வரேல்லை. என்ரை மனிசி மேக்கப் படிக்கிறா, நான்தான் அவவின்ரை வீட்டுப்பாடம் எண்டு சொன்னன்."

"பிரெஞ்சிலையோ?"

"பிரெஞ்சிலைதான்."

அந்த அறையில் முதலில் சிரித்தவள் பெரிய மனேஜர் மதாம். எந்தப் பக்கம் செய்தது, எந்தப் பக்கம் கடவுள் தந்தது என்று கேட்டாளாம். அவன் முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினானாம். மேடை முகத்தோடு பார்சல் வாங்கிய கதையையும் சொன்னானாம். சிரித்து முடித்த பிறகு அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு, எந்தப் பாலத்தில் எப்போது நெரிசல், எந்தக் கப்பல் வந்தால் எந்த வாசலில் லொறிகள் தேங்கும் என்று தடங்கலில்லாமல் பதில் சொல்லிக்கொண்டே போனானாம். முந்திய தடவைகளில் ஓம், இல்லை தவிர வேறு எதுவும் வாயில் வந்ததில்லை.

அடுத்த கிழமை தொலைபேசி வந்தது. வேலை கிடைத்துவிட்டது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரே வழக்கு. உள்ளே போகும்போது இருந்த தாடையால்தான் வேலை கிடைத்தது, முதற்பார்வைதான் முக்கியம் என்பது அனுசூயாவின் கட்சி. அதைத் துடைத்ததால்தான் கிடைத்தது என்பது குணசீலனின் கட்சி. அக்கா புஷ்பவதியிடம் தீர்ப்புக் கேட்டார்கள். அவர் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு, "எனக்கெண்டால் அவன் பிறந்த நாளிலிருந்து ஒரே முகம்தான்" என்று சொல்லி வழக்கை இன்னும் சிக்கலாக்கிவிட்டார்.

ஏப்ரலில் பரீட்சை வந்தது. மாதிரிக்கு ஆள் தேட வேண்டிய வேலை அனுசூயாவுக்கு இருக்கவில்லை. குணசீலன் காலையிலேயே சவரம் செய்து, சேட்டை அயன் பண்ணிப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். ஒபீஸ் முகத்துக்கு ஜோசியான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தாள். நிழல் எங்கே தொடங்குகிறது என்று அவளால் சொல்ல முடியவில்லை. முழுப் புள்ளி. டிவி முகமும் பரவாயில்லை. கடைசியாகப் போட்ட மேடை முகத்தில்தான் புள்ளி குறைந்தது, போதிய அழுத்தம் இல்லை என்று. பிழை அனுசூயாவுடையது அல்ல. "கொஞ்சம் குறைச்சுப் போடும், நான் இப்ப டிஸ்பாச்சர்" என்று நாற்காலியில் இருந்தபடி அவன் மெல்லச் சொல்லிக்கொண்டே இருந்தான்.

சித்தியடைந்துவிட்டாள். மிஷ்லின் அவளைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினாள். வெளியே வந்தபோது வெயில் நன்றாக அடித்தது. சான்-ஹுபேர் தெருவில் சனம் கோட்டுகளைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தது.

"முகம் கழுவிப்போட்டு வாங்கோ, மெத்ரோவிலை சனம் பார்க்கும்" என்றாள் அனுசூயா.

"பார்க்கட்டும்" என்றான் குணசீலன். "உம்மடை வேலைதானே." பெட்டியை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு, ராசா முகத்தோடு முன்னால் நடந்தான்.