எட்டு ஈட்டிகளும் ஒரு ரப்பர் மூடியும்

மேசைக்கு அடியில் கூட்டியபோது ஒரு ரப்பர் மூடி உருண்டு வந்தது. அதைப் பார்த்ததும் அவள் துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

வளர்ந்த ஆட்கள் ராஜா, அரக்கன் என்று வேஷம் கட்டி மைதானத்தில் மோதிக்கொள்ளும் விளையாட்டுக்கு ஆயுதம் செய்துகொடுப்பது அவள் தொழில். பார்த்தால் இரும்பு, தொட்டால் மெத்தை. உள்ளே கண்ணாடியிழைக் கம்பி, அதைச் சுற்றி ஃபோம், மேலே ரப்பர் பூச்சும் வெள்ளிச் சாயமும். கம்பி முனையில் மூடி இல்லாவிட்டால், ஓங்கிக் குத்தும்போது அது ஃபோமைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். எதிரில் நிற்பவனுக்குக் கண் போய்விடும். அதனால் எட்டு ஈட்டி என்றால் எட்டு மூடியைக் கிண்ணத்தில் எண்ணிப் போட்டுக்கொண்டுதான் வேலையே தொடங்குவாள். ஈட்டிகள் எட்டும் காலையிலேயே மைதானத்துக்குப் போய்விட்டன. மூடி ஒன்று இங்கே கிடக்கிறது.

மணி மூன்றரை. நாலு மணிக்குப் போர். மைதானத்தில் யாரும் போனை எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்கள், கவசத்தில் ஏது பாக்கெட்? கத்தியைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள். வழியில் இருந்த சிக்னல்களெல்லாம் அவளுக்காகவே சிவப்பாயின.

ஒவ்வொரு ஆயுதத்தின் முனையையும் விரலால் அழுத்திப் பார்த்து அனுமதிப்பவருக்கு அங்கே கட்டைவிரல் என்று பெயர். மூடியை நீட்டிக் காட்டியும் அவர் அசரவில்லை.

"எல்லாத்தையும் அழுத்திப் பாத்துட்டேன். ஒரு குறையும் இல்ல."

"இது கெட்டி ஃபோம். விரலுக்குத் தெரியாது. ஓடி வந்து குத்தினாத்தான் தெரியும்."

"அதுக்கு?"

"வெட்டிப் பாக்கணும்."

முதல் ஈட்டியின் முனையை அவளே அறுத்தாள். மூடி இருந்தது. இரண்டாவதிலும் இருந்தது. ஐந்தாவதுக்கு வருவதற்குள் சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. மூன்று வாரம் காத்திருந்து வாங்கியது என்று பச்சைச் சாயம் பூசிய அரக்கன் ஒருவன் முனகினான். மூன்று வாரம் கண்விழித்துச் செய்தவள் அவள் அல்லவா. ஏழாவதிலும் மூடி இருந்தது.

எட்டாவது, ராணி வேஷத்தில் நின்ற தங்கையின் கையில். அவள் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"என்னோடதுல எப்படிக்கா இல்லாம போகும்? எனக்குன்னு பாத்துப் பாத்துச் செஞ்சே."

அக்காவும் அப்படித்தான் நினைத்திருந்தாள். அதனால்தான் அதைக் கடைசிக்கு விட்டாள். ஆனால் பாத்துப் பாத்து என்று கேட்டதும் பொறி தட்டியது. தங்கை குள்ளம். அன்று பட்டறையில் மூடி மாட்டிய பிறகு கம்பி அவளுக்கு நீளமாகத் தெரிந்ததால், மூடியைக் கழற்றிவிட்டு நாலு விரற்கடை அறுத்தாள். தங்கையின் தோளோடு வைத்து அளந்தாள். இருவரும் ஏதோ பேசிச் சிரித்தார்கள். அப்படியே ஃபோமை ஒட்டிவிட்டாள். மற்ற ஏழுக்கும் இந்த மெனக்கெடல் இல்லை.

"குடு."

கத்தி பாதி இறங்கும்போதே தட்டுப்பட்டது. அறுத்த கம்பி மொட்டையாக, முள் முள்ளாக நின்றது. கட்டைவிரல் தன் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

தங்கை மெதுவாகச் சொன்னாள். "நேத்து சாயங்காலம் சோபாவுல மாமா தூங்கிட்டிருந்தாருல்ல, அவர இதாலதான் மூஞ்சில குத்தி எழுப்பினேன்."

"எத்தன தடவ?"

"அவர் எந்திரிக்கிற வரைக்கும்."

அக்கா புல்லில் உட்கார்ந்துவிட்டாள். கணவனுக்குப் போன் போட்டாள்.

"கண்ணு நல்லா இருக்கா?"

"எந்தக் கண்ணு?" என்றான் அவன்.

ரெண்டும் என்று சொல்வதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.