அக்காவின் காய்ச்சல்

சமையலறைத் தரையில் தாரணி விழுந்து கிடந்தாள். கழிவறை வாசலிலிருந்து அவள் கால் வரைக்கும் ரத்தச் சொட்டுகள்.

தம்பி ரஞ்சன் கதவருகிலேயே நின்றுவிட்டான். பதின்மூன்று வயதுப் பையன். அப்பாவும் அம்மாவும் தோ பாயோவில் உள்ள கோயிலுக்கு வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் போயிருந்தார்கள்.

"அக்கா! எந்திரிக்கா!"

கிட்டே போகவும் பயம். இரண்டு வருடமாக மாசாமாசம் அக்காவுக்குக் காய்ச்சல். தனிப் பாய், தனித் தட்டு, தனி டம்ளர். "பக்கத்துல போகாத, ஒட்டிக்கும்" என்பாள் அம்மா. ஆனால் டாக்டரிடம் மட்டும் யாரும் கூட்டிப்போவதில்லை. தீராத வியாதி, அதனால்தான் மறைக்கிறார்கள் என்று ரஞ்சன் முடிவு கட்டியிருந்தான். அக்கா மூச்சு விடுகிறாளா என்று எத்தனையோ முறை அறைக் கதவருகே நின்று கேட்டிருக்கிறான். இன்று அந்த வியாதி அவளைக் கொண்டுபோக வந்துவிட்டது.

ஒட்டினால் ஒட்டட்டும். உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டான். ஆம்புலன்சுக்கு 995-ஐ அழுத்தினான்.

"மை சிஸ்டர் இஸ் டையிங்! ப்ளீஸ், சீக்கிரம் வாங்க!"

ஆம்புலன்சில் வந்த மருத்துவ உதவியாளர் அமீரா தாரணியைத் தெளிய வைத்தார். அவள் அழுதுகொண்டே அவர் காதில் ஏதோ சொன்னாள்.

"உயிருக்கு ஒண்ணுமில்ல தம்பி. காலையிலேர்ந்து சாப்பிடல, அதான் மயக்கம். அந்த ரத்தம், பீரியட்ஸ். பொம்பளப் பிள்ளைங்களுக்கு மாசாமாசம் வர்றதுதான். ஸ்கூல்ல சொல்லித்தரலையா?"

"அந்தக் கிளாஸ் எனக்கு வேணாம்னு அப்பா சொல்லிட்டாரு. நான் மட்டும் லைப்ரரில இருந்தேன்." அக்காவைப் பார்த்தான். "அப்ப, வியாதி இல்லையா?"

"இல்லவே இல்ல."

அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது.

தாரணி ஏன் சாப்பிடவில்லை? அந்த நாட்களில் அவள் அடுப்பைத் தொடக்கூடாது. அம்மா எடுத்து வைத்தால்தான் சோறு. சாமிக்குப் பொங்கல் வைத்த அவசரத்தில் அம்மா மகளை மறந்துவிட்டாள்.

அமீரா கிளம்பும் நேரத்தில், கீழே ஆம்புலன்சைப் பார்த்துவிட்டுப் பெற்றோர் மூச்சிரைக்க வந்தார்கள். அப்பா கோவிந்தராசுவின் நெற்றியில் திருநீறு கலையவில்லை. வாசலில் நின்ற பக்கத்து வீட்டு சேவியரிடம், "காய்ச்சல்தான் லா, ஒண்ணுமில்ல" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது.

அம்மா மகனைத்தான் முதலில் பார்த்தாள். "அவளத் தொட்டியாடா? போய்க் குளி மொதல்ல!"

"ரெண்டு வருஷமா அக்கா செத்துருவான்னு பயந்துக்கிட்டே இருந்தேம்மா."

ரஞ்சன் உள்ளே போனான். குழாய்ச் சத்தத்துக்காக அம்மா காத்திருந்தாள். கரண்டிச் சத்தம்தான் கேட்டது. ரஞ்சன் தன் டம்ளரில் சூடாக மைலோ கலக்கிக்கொண்டு வந்து, அக்காவின் பாயில் அவளோடு ஒட்டி உட்கார்ந்தான்.

"குளிக்கலையாடா?"

"அக்காவுக்குப் பசிக்குதும்மா."