காயும் வரை

"இது டெஸ்டோஸ்டிரோன் ஜெல், ஆண் ஹார்மோன். தினம் காலையில தோள்ல தடவுங்க. காயற வரைக்கும் வீட்டம்மா மேல பட்டுடக் கூடாது. பட்டா உடனே சோப்புப் போட்டுக் கழுவணும்," என்றார் டாக்டர். லிஃப்ட் மெக்கானிக் சமர்த்தாகத் தலையாட்டினார். மனைவி முன்னறைக்குப் படுக்கையை மாற்றி இரண்டு வருஷமாகிறது என்பதை யாரிடம் போய்ச் சொல்வது?

அவளிடமும் மருந்தைப் பற்றி மூச்சு விடவில்லை. ஊர் லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிற மனுஷன் இதை எந்த முகத்தோடு சொல்வார்? ஜெல்லை ஸ்பேனர்களுக்கு அடியில் ஒளித்துவைத்தார், பாவி.

மூன்றாம் மாதம் ஒரு காலை, தடவிவிட்டுச் சட்டையில்லாமல் ஜன்னலோரம் நின்றிருந்தார். பின்னால் வந்தவள் என்ன நினைத்தாளோ, தோளில் கை வைத்தாள்.

"ரொம்ப இளைச்சுட்டீங்க."

"தொடாதே!" துள்ளி விலகினார். "போய்க் கையை சோப்புப் போட்டுக் கழுவு. உடனே!"

அவள் தன் கையைப் பார்த்தாள். உள்ளே போனாள்.

குளியலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. தோள் காய்ந்து, சட்டை மாட்டி, பட்டனெல்லாம் போட்டு முடித்த பிறகும் அது நிற்கவில்லை.