ஒரு சாண் செவ்வரத்தைத் தண்ணீர்

சிசிலியத் தீவின் பலேர்மோ நகரத்துக் கபோ சந்தையில், எகிப்தியர் மஹ்ரூஸின் சாறுக்கடை வாசலில், ஓர் ஆடி வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு சாண் செவ்வரத்தைத் தண்ணீர் காற்றில் நின்றுவிட்டது. மேலே ஒரு பித்தளைக் கிண்ணத்திலிருந்து புறப்பட்ட தண்ணீர் அது; கீழே குகனேஸ்வரியின் வாய்க்குள் போயிருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில், கொடியில் காயப்போட்ட சிவப்பு நாடாவைப் போல, மேலும் போகாமல் கீழும் வராமல் நின்றது. குகனேஸ்வரி கிண்ணத்தை எடுத்த பிறகும் நின்றது. வாயை மூடிக்கொண்டு விலகிய பிறகும் நின்றது. அன்று மத்தி மீன் மலிவாக இருந்தது, தக்காளி விலை ஏறியிருந்தது, காற்று தெற்கிலிருந்து சுட்டுக்கொண்டு வீசியது. பக்கத்துக் கடை மீன்காரர் சால்வோ, தண்ணீரையும் குகனேஸ்வரியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, வெயில் பட்டால் புளித்துப்போகும் என்று தன் கடைப் பந்தலை அந்தப் பக்கமாக ஒரு முழம் இழுத்துவிட்டார்.

குகனேஸ்வரி சுன்னாகத்தில் பிறந்தவள். பலேர்மோவுக்கு வந்து இருபது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. கிழமை நாட்களில் சிஞ்ஞோராமார் என்ற வீட்டுக்கார அம்மாமாரின் வீடுகளைத் துடைத்துப் பெருக்குவாள்; வெள்ளிக்கிழமைகளில் விரதம் இருப்பாள்; ஞாயிற்றுக்கிழமைகளில், சைவர், வேதக்காரரான கிறிஸ்தவர் என்று பாராமல் அந்த நகரத்துத் தமிழர்கள் பலரும் செய்வதுபோல, பெல்லெக்ரினோ மலையேறிப் போய்க் குகைக்குள் இருக்கும் நகரத்துக் காவல் புனிதை றோசலியா அம்மாவைக் கும்பிட்டுவிட்டு வருவாள். அவள் பிறந்த வீட்டில் செம்பில் வாய் வைத்துக் குடித்தவர் யாரும் இல்லை. தலையை அண்ணாந்து, பாத்திரத்தை ஒரு சாண் உயரத்தில் பிடித்து, ஒரு துளி கூடச் சிந்தாமல் தொண்டைக்குள் விட வேண்டும். நடக்கப் பழகியதும் பிள்ளைகள் அதைப் பழகினார்கள். குகனேஸ்வரி நடந்துகொண்டே குடிப்பாள். ஓடும் பஸ்ஸில் நின்றுகொண்டும் குடிப்பாள்.

மஹ்ரூஸ் அஸ்வான் பக்கத்துக்காரர். நைல் கரையில் வெயிலில் காயவைத்த கர்கதே என்ற சிவந்த பூவிதழை அவருடைய அண்ணன் சாக்கில் கட்டி அனுப்புவார். நம்முடைய செவ்வரத்தைக்கு, அதாவது செம்பருத்திக்கு, ஒன்றுவிட்ட தங்கச்சி முறையான பூ அது. ஊறவைத்துச் சீனி போட்டால் புளிப்பும் இனிப்புமாக இருக்கும். அதைவிட, அரிசியும் தேங்காய்ப்பாலும் சேர்த்த வெள்ளைச் சோபியா, நுரை பொங்கும் அதிமதுரத் தண்ணீர், நெரித்த கரும்புச் சாறு, மாரிக் குளிரில் கறுவாத்தூள் தூவிய சுடச்சுடப் பால்கஞ்சியான சஹ்லப் எல்லாம் அவர் கடையில் கிடைக்கும். பழப்புளியைக் கரைத்துச் சீனியும் ஐசும் போட்டு அவர் விற்பதைக் கண்டபோதுதான் தமிழ்ப் பெண்கள் முதன்முதலில் அந்த வாசலில் நின்றார்கள். குகனேஸ்வரியின் சிநேகிதி, மன்னார்க்காரி எமிலியானா, "ரசத்துக்குச் சீனி போட்டு விக்கிறார், அதையும் வாங்கிக் குடிக்க ஆள் நிக்குது" என்று சிரித்தாள். பிறகு ஒரு கிளாஸ் குடித்தாள். பிறகு இன்னொன்று கேட்டாள். அப்படி வந்த பழக்கத்தில் மஹ்ரூஸ் கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழ் கதைக்கப் பழகினார். அவர் முதலில் படித்த சொல் 'அக்கா'. இரண்டாவது 'பரவாயில்லை'.

அந்த வெள்ளிக்கிழமை அவருடைய மனைவி நாதியா இறந்த நாளின் வருட நினைவு. வருடாவருடம் அந்த நாளில் கடை வாசலில் மண்சாடி ஒன்றை வைத்து, கர்கதேயால் நிரப்பி, நாதியாவின் பித்தளைக் கிண்ணத்தில் போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் காசு வாங்காமல் கொடுப்பார். தாகம் தீர்ந்தவர்களின் நிம்மதி இறந்தவளுக்குப் போய்ச் சேரும் என்று நம்பினார். வேலை முடிந்து, விரதத்தோடும் வெயிலோடும் வந்த குகனேஸ்வரியைக் கூப்பிட்டு, கிண்ணத்தைக் கழுவி நிரப்பி, இரண்டு கையாலும் நீட்டினார். அவள் வாங்கி, பழக்கத்தில், தலைக்கு மேலே தூக்கிச் சரித்தாள். கூஜாவை அப்படித் தூக்கிக் குடிப்பது அஸ்வானிலும் உண்டு. ஆனால் கிண்ணம் வாய் வைப்பதற்கென்றே செய்தது. அதுவும் இறந்தவளின் கிண்ணம். அதைத் தூரப் பிடித்ததை அருவருப்பு என்று மஹ்ரூஸ் எடுத்துக்கொண்டார். அவர் முகம் சுருங்கிய அதே கணத்தில்தான் தண்ணீர் நின்றது.

முதல் சில நாட்கள் சந்தை அதை ஒரு விசேடமாகக் கொண்டாடியது. பங்குச் சாமியார் வந்து பார்த்து, யாருக்கும் தீங்கில்லை என்பதால் ஆசீர்வதித்துவிட்டுப் போனார். நகரசபை ஆள் ஒருவர் அளவுநாடாவால் அளந்து, நடைபாதைக்கு இடைஞ்சல் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். ஆனால் அடுத்த நாளிலிருந்தே கடையில் எந்தச் சாறும் யாருடைய வாய்க்குள்ளும் இறங்கவில்லை. கிளாசைச் சரித்தால் சாறு பாதிவழியில் நின்றது. விளிம்பில் வாய் வைத்தால், வெட்கப்பட்ட பிள்ளையைப் போல உதட்டுக்கு வெளியே நின்றது. உறிஞ்சுகுழலில் நடுவரை ஏறி யோசித்தது. சலிப்படைந்தவர்கள் விட்டுவிட்டுப் போன சாறுகள் எல்லாம் அங்கங்கே தொங்கின. சோபியாவின் வெள்ளையும் புளியின் மண்ணிறமும் கரும்பின் பச்சையும் மணித்திரையைப் போலக் கடை முழுவதும் நிறைய, மஹ்ரூஸ் அவற்றை விலக்கி விலக்கி உள்ளே நடமாடினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் தாகத்தோடு வருகிறவருக்கு அழகு எதற்கு? ஓகஸ்ட் முடிவதற்குள் வாசல் வெறிச்சோடியது. கடையை யாராவது எடுப்பார்களா என்று விசாரித்துச் சொல்லும்படியும், தான் அஸ்வானுக்கே போகப்போவதாகவும், மஹ்ரூஸ் சால்வோவிடம் சொல்லிவைத்தார்.

குகனேஸ்வரி ஒருநாள் விட்டு ஒருநாள் போய் மன்னிப்புக் கேட்டாள். தனக்குப் பின்னால் குடிக்கிறவருக்குக் கிண்ணம் சுத்தமாக இருக்க வேண்டும் என்றுதான் அண்ணாந்து குடிப்பது என்று பாதித் தமிழிலும் பாதி இத்தாலியனிலும் விளங்கப்படுத்தினாள். மஹ்ரூஸ் மரியாதையாகத் தலையாட்டி, "பரவாயில்லை அக்கா" என்றார். அந்தப் பரவாயில்லை அவளைச் சாப்பிட விடவில்லை. ஒரு மனிதர் பிழைக்கிற பிழைப்பு தன்னுடைய ஒரு வாய்த் தண்ணீரால் நின்றுபோனது என்ற நினைப்பு, எந்த வீட்டைத் துடைத்தாலும் கூடவே வந்தது.

மீன்கடைச் சால்வோதான் மீதியைச் சொன்னார். சொந்தக் கடை போடுவதற்கு முன்பு மஹ்ரூஸ், ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில் ஒரு கடலுணவுச் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவினாராம். அங்கே அவர் தண்ணீர் குடிப்பதற்கென்று ஒரு கோப்பை, அடியில் நகப்பூச்சால் சிவப்புப் பொட்டு வைத்து, தனி ஆணியில் தொங்குமாம். மற்றக் கோப்பைகள் எல்லாவற்றையும் கழுவியவர் அவர். அவருடைய கோப்பையை மட்டும் வேறு யாரும் தொடுவதில்லை.

அதைக் கேட்டுக் குகனேஸ்வரி மீன்பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் வேலை செய்கிற வீடுகளில் ஒன்றில் அவளுக்கும் ஒரு கிளாஸ் இருந்தது. கழுவுதொட்டிக்குக் கீழே, தரை துடைக்கிற மருந்துப் போத்தல்களுக்குப் பக்கத்தில். அந்தச் சிஞ்ஞோரா மற்ற எல்லாவற்றிலும் நல்லவர். நத்தார்ப் பண்டிகைக்குத் துணி கொடுப்பார், காய்ச்சல் என்றால் மருந்து வாங்கித் தருவார். அந்தக் கிளாசை நினைத்தபோது, வேண்டாமென்றாலும், சுன்னாகத்து வளவும் நினைவுக்கு வந்தது. வேலிக் கதியால் கம்புகளில் கவிழ்த்து வைத்திருந்த சிரட்டைகள். கூலிக்கு வந்த சிலருக்கு அவற்றில்தான் தண்ணீர் வார்த்தார்கள். சின்னவளாக அவளே வார்த்திருக்கிறாள். அண்ணாந்து குடிப்பதும் சிரட்டை வைப்பதும் ஒன்றல்ல என்று அவளுக்குத் தெரியும். ஆனால் இரண்டும் ஒரே முற்றத்தில்தான் நடந்தன. வேலிப் படலைக்கு வெளியே நின்று பார்க்கிறவருக்கு எது மரியாதை, எது மற்றது என்று எப்படித் தெரியும்?

செப்டெம்பர் தொடக்கத்தில், றோசலியா அம்மாவின் திருநாளை ஒட்டி வருகிற ஞாயிற்றுக்கிழமை, தமிழர்கள் மலைப்பாதையின் ஒரு வளைவில் தண்ணீர்ப்பந்தல் போடுவது வழக்கம். கோயில் திருவிழா வீதியில் செய்வதைப் போல, ஏறி வருகிற எல்லோருக்கும் மோரும் எலுமிச்சை பிழிந்த தேசிக்காய்த் தண்ணீரும் சும்மா கொடுப்பார்கள். அந்த வருடம் குகனேஸ்வரி மஹ்ரூஸிடம் போய், மண்சாடியில் கர்கதேயும் நாதியாவின் கிண்ணமும் கொண்டு பந்தலுக்கு வரவேண்டும் என்று கேட்டாள். எமிலியானாவுக்கு இது பைத்தியமாகப் பட்டது.

"இறங்காத தண்ணியை ஏனடி மலைக்கு ஏத்திறாய்?"

"இறங்குதோ இல்லையோ, அவர் வந்து பாக்கட்டும்" என்றாள் குகனேஸ்வரி.

மஹ்ரூஸ் வந்தார். தாகத்துக்குக் கொடுக்கிற இடத்துக்குக் கூப்பிட்டால் வரமுடியாது என்று சொல்ல அவர் படித்திருக்கவில்லை. சால்வோவின் முச்சக்கர வண்டி சாடியை வளைவு வரைக்கும் கொண்டுவந்து விட்டது. காலை வெயிலில் சனம் வெறுங்காலோடும் செபமாலையோடும் கற்பூரத்தோடும் ஏறி வந்தது. பந்தலில் இருந்தது ஒரே ஒரு பெரிய செம்பு. தகப்பன் அண்ணாந்து குடித்துவிட்டு மகளுக்குக் கொடுத்தார். புதிதாகக் கட்டிய பெண் அண்ணாந்து குடித்துவிட்டுப் புருசனுக்குக் கொடுத்தாள். சிசிலியக் கிழவர் ஒருவர் அதேபோல முயன்று கழுத்தெல்லாம் நனைத்துக்கொண்டு, அடுத்தவரிடம் நீட்டினார். உயிருக்கு உயிரானவர்களும் ஒருவரையொருவர் தெரியாதவர்களும் செம்பை ஒரே உயரத்தில்தான் பிடித்தார்கள். மஹ்ரூஸ் சாடிக்குப் பக்கத்தில் கல்லில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் கொஞ்சம் இளகியது. ஆனாலும் சாடியில் இருந்து அவர் கோரிப் பார்த்த கர்கதே கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டவில்லை.

குகனேஸ்வரி கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து அவருக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்தாள்.

"தம்பி, சுத்தத்துக்கெண்டுதான் அண்ணாந்து குடிச்சனெண்டு சொன்னன். அது பொய்யில்லை. ஆனா எங்கட வீட்டு வேலியிலை சிலபேருக்கெண்டு சிரட்டையும் வைச்சிருந்தவை. அதையும் சொல்லவேணும். இஞ்சை வந்தாப்பிறகு ஒரு வீட்டிலை எனக்கும் தனிக் கிளாஸ், தரை துடைக்கிற மருந்துக்குப் பக்கத்திலை. அது எப்பிடி இருக்குமெண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டு உமக்குச் செய்வனே?"

மஹ்ரூஸ் கிண்ணத்தின் அடியை விரலால் தடவினார். "எனக்குச் சிவப்புப் பொட்டு, அக்கா" என்றார்.

"ஓம். சால்வோ சொன்னவர்." அவள் கையை நீட்டினாள். "முதல் நீர் வாய் வையும். வைச்சிட்டு, அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் என்னட்டைத் தாரும்."

அவர் கிண்ணத்தை உதட்டில் வைத்தார். கர்கதே விளிம்பு வரை வந்து நின்றது. உதடு மட்டும் நனைந்தது. அப்படியே கொடுத்தார். குகனேஸ்வரி தன் வாழ்நாளில் முதல் தடவையாக, இன்னொருவர் வாய் பட்ட இடத்தில் தன் வாயை வைத்தாள். எமிலியானா சிலுவை போட்டுக்கொண்டாள். கர்கதே ஒரு கணம் யோசித்தது. பிறகு, மலையிலிருந்து இறங்குகிற சனத்தைப் போல, அவசரமில்லாமல் இறங்கியது.

அவள் கிண்ணம் முழுவதையும் குடித்து முடித்தாள்.

"எப்பிடி?" என்று எமிலியானா கேட்டாள்.

"சீனி காணாது" என்றாள் குகனேஸ்வரி.

நாதியாவும் எப்போதும் அதைத்தான் சொல்வாள் என்று மஹ்ரூஸ் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பிறகு பந்தல் செம்பை வாங்கி, தேசிக்காய்த் தண்ணீரைத் தானும் அண்ணாந்து குடித்துப் பார்த்தார். பாதி மூக்குக்குள் போனது, மீதி சட்டையில் போனது. வரிசையில் நின்ற எல்லோரும் அவருக்கு வெவ்வேறு விதமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். கர்கதேச் சாடி மத்தியானத்துக்கு முன்பே காலியானது. கிண்ணத்தில் வாய் வைத்துக் குடித்தவர்களும் இருந்தார்கள், தூக்கிக் குடித்தவர்களும் இருந்தார்கள், எல்லோருக்கும் இறங்கியது. குகைக்குள் போனபோது, பாறைக் கூரையிலிருந்து சொட்டும் நீர் தகரப் பீலிகளில் எப்போதும்போல ஓடிக்கொண்டிருந்தது. குகனேஸ்வரி றோசலியா அம்மாவிடம் அன்று ஒன்றும் கேட்கவில்லை. கும்பிட்டுவிட்டு வந்தாள்.

கீழே இறங்கும் வழியில் சால்வோவின் டெலிபோன் அடித்தது. கடையில் தொங்கிய சாறுகள் எல்லாம் ஒரே நேரத்தில் விழுந்து, சந்தை வீதி வரைக்கும் ஓடி, பூனைகள் சோபியாவை நக்கிக்கொண்டிருப்பதாக அவருடைய மனைவி சொன்னாள். அன்று பின்னேரம் முழுவதும் மஹ்ரூஸும் குகனேஸ்வரியும் எமிலியானாவும் தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவினார்கள். கழுவி முடித்து நிமிர்ந்தபோதுதான் வாசலைக் கவனித்தார்கள். முதல் நாள் நின்ற அந்த ஒரு சாண் மட்டும் விழாமல் அப்படியே நின்றது. மஹ்ரூஸ் குகனேஸ்வரியைப் பார்த்தார். அவள் போய் அதற்குக் கீழே வாயைத் திறந்துகொண்டு நின்று பார்த்தாள். அது வரவில்லை. "நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

திங்கட்கிழமை அவள் அந்தச் சிஞ்ஞோராவின் வீட்டில் கழுவுதொட்டிக்குக் கீழே இருந்த கிளாசை எடுத்து, கழுவி, மற்றக் கிளாசுகளோடு அலுமாரித் தட்டில் வைத்தாள். சிஞ்ஞோரா பார்த்தார். சில நாட்கள் கழித்து அந்தக் கிளாசிலேயே சிஞ்ஞோரா மருந்து குடித்துக்கொண்டிருந்ததைக் குகனேஸ்வரி கண்டாள். குடித்து முடித்ததும் வாங்கிக் கழுவி, மறுபடியும் தட்டிலேயே வைத்தாள்.

அதன் பிறகு நாலைந்து மாரிக்காலம் வந்து போய்விட்டது. தக்காளி விலை இறங்கி மறுபடியும் ஏறியிருக்கிறது. நாதியாவின் நாளில் மண்சாடி வாசலுக்கு வருகிறது. சீனி இப்போது அளவாக இருக்கிறது. மலைப்பந்தலில் மோருக்குப் பக்கத்தில் கர்கதேயும் வைக்கிறார்கள். அந்த ஒரு சாண் தண்ணீர், சால்வோவின் பந்தல் நிழலில், அதே இடத்தில் நிற்கிறது. நிறம் மங்கவில்லை. உயரமானவர்கள் அந்த இடத்தில் கொஞ்சம் குனிந்து போகிறார்கள். காலையில் கடை திறந்ததும் மஹ்ரூஸ் மேசையைத் துடைத்து, கதவைத் துடைத்து, அதே ஈரத்துணியால் அதில் படிந்த தூசியையும் ஒரு தடவை துடைத்துவிட்டு, அன்றைய சாறுகளைக் கலக்கத் தொடங்குகிறார்.