விரல் உபசாரம்

மாட்டுக் கொட்டகை வாசலில் அவளுடைய கொழுந்தன் கட்டியிருந்த மருந்துத் தொட்டியில் காலை முக்காமல் ஒரு ஆளும் உள்ளே நுழைய முடியாது. பால் வண்டிக்காரரைக்கூட நிற்கவைத்துப் பத்து எண்ணச் சொல்வான். இந்தக் காவலுக்கு நடுவிலேயே மூன்று கன்றுகள் கழிந்து கழிந்து செத்துப்போயின. தொட்டி மட்டும் நல்ல ஆரோக்கியமாக இருந்தது.

நான்காவது கன்றும் இப்போது கழிச்சலில் படுத்திருந்தது. அவளுடைய கவலையெல்லாம் ஐந்தாவதைப் பற்றி. புருஷன் கண்ணை மூடுவதற்கு முன் கடைசியாகச் சினை ஊசி போடவைத்த பசு, இன்று விடிந்ததும் கன்று போட்டிருந்தது. இதையாவது பிழைக்கவைக்க வேண்டும்.

வாளியில் குடிக்கத் தெரியாத கன்றின் வாயில் இரண்டு விரலைக் கொடுத்து, சப்பத் தொடங்கியதும் கையை மெல்லப் பாலுக்குள் இறக்குவது கொழுந்தனின் வேலை. முதலில் எந்தக் கன்றுக்கு ஊட்டுவது என்பது அவள் போட்ட உத்தரவு: சீக்கு கண்டதற்கு.

புருஷன் இருந்தவரை தலைகீழ். பிறந்த கன்றில் தொடங்கி, கழிச்சல் கண்டதைக் கடைசியில்தான் தொடுவார். "சீக்காளியக் கத்தவிட்டுட்டு கொழுத்ததுக்கு ஊட்டுறீங்களே, மனசே இல்லையா உங்களுக்கு?" என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். பதில் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். பிறகு அவரே ஆஸ்பத்திரி வராந்தாவில், முறை வராமல் ஒரு பகல் முழுக்கக் கிடந்தார். இனி இந்த வீட்டில் சீக்கு கண்ட எந்த உயிரும் காத்திருக்கக் கூடாது என்று அன்றே முடிவு செய்தாள்.

மாட்டு டாக்டரம்மா சோதனை முடிவோடு வந்தார்.

"குடல் ஒட்டுண்ணி. கண்ணுக்குத் தெரியாது. கழிச்சல்ல கோடிக்கணக்குல வெளிய வரும், அடுத்த கன்னோட வாய்க்குள்ள போகும்."

"நம்ம தொட்டியத் தாண்டியா?" கொழுந்தனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"தொட்டி வாசல்ல இருக்கு, அது உள்ள குடியிருக்கு. உங்க மருந்துல அது சுகமாக் குளிச்சுட்டுப் போகும். எப்படி ஊட்டுறீங்க, காட்டுங்க."

கச்சேரிக்கு உட்காருகிறவனைப் போலக் கையை மடித்துவிட்டுக்கொண்டான். சாணம் அப்பிய சீக்குக் கன்றின் வாயில் விரலைக் கொடுத்தான். அது பாதி குடித்ததும் உருவி, கால்சட்டையில் ஒரு தேய்ப்பு. அதே விரலோடு, சீம்பால் வாளியைத் தூக்கிக்கொண்டு புதுக்கன்றை நோக்கி நடந்தான்.

"கைய எடு!" அவள் பாய்ந்து வாளியைப் பிடுங்கினாள்.

"பரவுறதுக்கு வேற வண்டி எதுக்கு?" என்றார் டாக்டரம்மா. "நல்லா இருக்கறதுக்கு முதல்ல ஊட்டணும். சீக்குக்குக் கடைசியா, தனி வாளியில. இதச் சொல்ல இந்த வீட்டுல ஆளே இல்லையா?"

"அண்ணிதான் சீக்குக்கு முதல்ல குடுக்கச் சொன்னாங்க."

அவன் வாழ்நாளில் போட்ட பழிகளில் இது ஒன்றுதான் சரியான ஆள்மேல் விழுந்தது.

"ஆள் இருந்தாரு டாக்டரம்மா," என்றாள் அவள். "வாயத் திறந்து சொல்லத்தான் மாட்டாரு."

முழங்கைவரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். செருப்பை மாற்றிக்கொண்டு போய், புதுக்கன்றின் வாயில் விரலைக் கொடுத்தாள். பாதியில் விட்ட கன்று மறுகோடியில் கத்தத் தொடங்கியது.

"பாவம் அண்ணி, எப்படிக் கத்துது! மனசே இல்லையா உங்களுக்கு?"

அவள் பதில் சொல்லவில்லை. புதுக்கன்று வாளியின் அடியை நக்கி முடிக்கும்வரை அந்தப் பக்கம் திரும்பவுமில்லை.