கூவாத சேவலும் கறுப்பியின் ஏழு முட்டைகளும்

1

இந்தக் கதை என் உள்ளத்தில் ஊறி வந்ததல்ல. ஜனக்புரியில் எங்கள் பேட்டைத் தமிழ்ச் சங்கம் ஆண்டு மலர் போடுகிறது. ஒரு பல் டாக்டர் விளம்பரத்துக்கும் ஒரு புடவைக் கடை விளம்பரத்துக்கும் நடுவே ஏதாவது இருந்தால் நன்றாக இருக்குமாம். "உயர்ந்த விஷயமா எழுதுங்க சார், தேசிய ஒருமைப்பாடு மாதிரி" என்றார் செயலாளர். உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே, அடுத்த வீட்டுக் கலியமூர்த்தியின் கோழிகள் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன.

முதல் தொடக்கம்: "பனி படர்ந்த தில்லியின் காலைப்பொழுதில், பாரதத்தின் நான்கு திசைகளிலிருந்தும்—"

விட்டுவிட்டேன். இது மே மாதம். நான்கு திசைகளும் வேண்டாம். நான்கு கோழிகளும் ஒரே கூடையில் வாங்கியவை.

இரண்டாம் தொடக்கம்: "கலியமூர்த்தி ஒரு செக்‌ஷன் ஆபீசர்."

இது நிற்கும்.

2

சிதம்பரம் பக்கத்து மனிதர். தரைத்தள வீடு, பின்னால் ஒரு துண்டு கொல்லை. கோழி வளர்ச்சி பற்றிய ஃபைல்கள் வருஷக்கணக்கில் அவர் மேஜை வழியாகத்தான் போகின்றன. (எந்த அமைச்சகம் என்று கேட்காதீர்கள். எனக்கும் பென்ஷன் வேண்டும்.) கோழி மட்டும் அந்த வழியே போனதில்லை.

கோழி வளர்ப்பது அவர் மனைவி இந்திராணி.* அவர் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தபோது கறுப்பி என்ற கோழி அடைக்கு உட்கார்ந்தது. கலியமூர்த்தி தாமே முடிவெடுத்து அதன் அடியில் முட்டைகளை வைத்தார். இந்திராணி திரும்பி வந்தபோது கொல்லை நாறியது.

"சேவல் இல்லாம எப்படிங்க பொரிக்கும்?"

"எந்தச் சேவல்?"

"என்னங்க, கோழி ஆபீசரு நீங்க!"

"எங்க ரிப்போர்ட்ல சேவலே வராது இந்திராணி. முட்டை வரும், அதுக்குப் பக்கத்துல கோடின்னு வரும். அவ்வளவுதான்."

முட்டைகளைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். கறுப்பி மட்டும் எழுந்திருக்கவில்லை. வெறும் வைக்கோலை அணைத்துக்கொண்டு, இரை எடுக்காமல் உட்கார்ந்திருந்தது. தூக்கி வெளியே விட்டால் திரும்ப ஓடி வந்தது.

(* பிள்ளையில்லாத பெண்ணின் ஏக்கத்துக்குக் கோழி குறியீடு என்று எழுதத் துடிக்கும் விமர்சகருக்கு: இந்திராணிக்கு மூன்று பிள்ளைகள். மூன்றும் இந்தியில் சண்டை போடும்.)

3

சேவல் வாங்குவதென்று ஆனது. மாடி வீட்டு ராமசுப்ரமணியன் இறங்கி வந்தார். அண்டர் செக்ரட்டரி. தூக்கம் வராத மனிதர். வரும் சொற்பத் தூக்கமும் விடியற்காலையில்தான் வரும்.

"கலியமூர்த்தி, கோழி இருக்கட்டும். கோழி ஜீவன். சேவல் நியூசென்ஸ் ஓய்."

"கூவாத சேவலாப் பார்த்து வாங்கறேன் சார். ஒரு தரம் கூவினாலும் அன்னிக்கே அனுப்பிடறேன்."

இந்த வாக்கை ஒரு மனிதன் கொடுப்பானா என்று வாசகர் சந்தேகப்படலாம். நானும் பட்டேன்; இந்தப் பாத்திரத்தை அடித்துவிட்டு ஒரு புத்திசாலியைப் போடலாமா என்று யோசித்தேன். ஆனால் மேலதிகாரி மாடியில் இருக்கும்போது கீழ்த்தளத்தில் புத்தி எங்கே—

சரி, வேண்டாம். கடைக்குப் போவோம். கோழிக்கடைக்காரன் கலியமூர்த்தியை ஏற இறங்கப் பார்த்தானாம். "பேசாத சேவல் தந்தூர் அடுப்புக்குள்ளதான் கிடைக்கும் பாபுஜி." பிறகு யோசித்து, மூலையில் தலைகுனிந்து நின்ற ஒன்றை எடுத்துக் கொடுத்தான். கொண்டை சிவப்பு. வால் வளைவு. வாய் மூடி.

4

புதியவரைக் கோழிகளுக்கு அறிமுகம் செய்த விதம் ஆபீஸ் விதம். கலியமூர்த்தி நேரே கொண்டுபோய் நடுக்கொல்லையில் இறக்கி, "பழகிக்குங்க" என்றார். கறுப்பி தவிர மற்ற மூன்றும் பாய்ந்தன. இறகு பறந்தது. சேவல் ஒரே தாவலில் ஜன்னல் ஏர்கூலர் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"புதுசா வந்ததை எடுத்தவுடனே உள்ள விடுவாங்களா?" என்று இந்திராணி பழைய கொசுவலையை எடுத்து வந்து கொல்லைக்குக் குறுக்கே கட்டினார். "கல்யாணமான புதுசுல உங்கம்மா வீட்டுல எனக்கு இந்த வலைகூட இல்ல."

வலைக்கு அந்தப் பக்கம் சேவல், இந்தப் பக்கம் கோழிகள். இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல் கம்பு இறைத்தார். முதலில் முறைத்தன. அப்புறம் தின்றன. அப்புறம் முறைக்க மறந்தன. வலையை அவிழ்த்தபோது யாரும் யாரையும் கொத்தவில்லை. மற்ற மூன்றும் இட்டவற்றில் ஏழு முட்டைகளைக் கறுப்பிக்கு வைத்தார்.

ஆனால் சேவல் தன் கடமையைச் செய்ததா? பார்த்தவர் யாருமில்லை. நான் ஜன்னலோரம்தான் இருந்தேன். அந்த நேரத்திலெல்லாம் தேசிய ஒருமைப்பாடு எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அது கூவவும் இல்லை.

5

இங்கேதான் கதை என் கையை விட்டுப் போகிறது.

கூவினால் சேவல் வெளியே போகவேண்டும், வாக்குக் கொடுத்தாயிற்று. கூவாவிட்டால் அது சேவல்தானா என்றே சந்தேகம், முட்டைகள் மறுபடி அழுகிக் கூழ்தான். கலியமூர்த்தி விடிவதற்கு முன்பே எழுந்து, அது கூவ வேண்டுமென்றும் கூடாதென்றும் ஒருசேர வேண்டிக்கொண்டு நின்றார். மேலே பால்கனியில் ராமசுப்ரமணியன், தூக்கம் கெட்டு.

"இன்னும் கூவலையாங்காணும்?"

"இல்ல சார்."

"ஏன் கூவலை?"

"நீங்கதானே சார்—"

"நான் சொன்னா அது கேட்டுடுமா? என் பிள்ளையே கேக்கறதில்லை!"

உள்ளே கரு இருக்கிறதா என்று ஒரு முட்டையைக் குளியலறை இருட்டில் டார்ச் முன்னால் பிடித்துப் பார்த்தோம். கலியமூர்த்திக்கு உள்ளே நரம்பு தெரிந்தது. இந்திராணிக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்கு என் கட்டைவிரல் தெரிந்தது.

இதற்குள் கறுப்பியின் மார்பெலும்பு கத்திபோலத் துருத்திக்கொண்டது. கொண்டை வெளுத்துவிட்டது. இன்னொரு தடவை வெறும் கூழின்மேல் உட்கார்ந்தால் அது பிழைக்காது என்றார் இந்திராணி. இப்போதே எடுத்து, கூடையால் கவிழ்த்து மூடி, தீனி கொடுத்தால் பிழைக்கும். முட்டைகளில் உயிர் இருந்தால் அது போய்விடும்.

6

மலருக்கு நாளை கடைசி நாள். இரண்டு முடிவுகள் எழுதினேன்.

முடிவு ஒன்று: சேவல் கம்பீரமாகக் கூவ, முட்டைகள் உடைய, தமிழரும் பஞ்சாபியரும் வங்காளியரும் கொல்லையில் கைகோத்து— (செயலாளர் இதை விரும்புவார். எங்கள் தெருவில் வங்காளிகள் இல்லை.)

முடிவு இரண்டு: முட்டைகள் வெடிக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை சேவல் குழம்பு. ராமசுப்ரமணியன் சுத்த சைவம். வாசனை மேலே போகிறது. அரசியல் உட்பொருள் உண்டு.

சுவர் ஓரமாக நின்று இரண்டையும் இந்திராணிக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார்.

"ரெண்டுலயும் கறுப்பி என்ன ஆச்சுண்ணே?"

இரண்டிலும் கறுப்பி இல்லை.

"அத விடுங்க, ஜல்தி இங்க வாங்க. இருபது நாளாச்சு, பொரிக்கிறதா இருந்தா இன்னிக்கு உள்ளேருந்து சத்தம் கேக்கணும். சத்தம் இருந்தா உட்காரட்டும். இல்லன்னா இப்பவே அத எடுத்துடறேன்."

போனேன். கறுப்பி கண்ணை மூடிக்கொண்டிருந்தது. இந்திராணியின் கை அடியில் நுழைந்தபோது கொத்தக்கூட இல்லை. முட்டையைக் கலியமூர்த்தி முதலில் காதில் வைத்தார்.

"கேக்குது!"

இறங்கி வந்திருந்த ராமசுப்ரமணியன், முட்டையைக் கையால் தொடத் தயங்கி, துண்டால் பிடித்துக் கேட்டார். "அது உம்ம கூலர் ஓய்."

"கூலர் அணைச்சாச்சு சார்."

"அப்போ... என் காதா?"

என்னிடம் வந்தது. கேட்டேன். ஏதோ டிக் என்றது. கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டுக் கேட்டேன். டிக் என்றது போலவும் இருந்தது, டிக்கை நான் எதிர்பார்த்தது போலவும் இருந்தது. இத்தனை பக்கம் எழுதியவனுக்கு இதைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

ஆகவே நீங்கள் பிடியுங்கள். ஆம், நீங்கள்தான், கையை நீட்டுங்கள். அழுத்த வேண்டாம். வெதுவெதுப்பாக இருக்கும், அது கறுப்பியின் சூடு, அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அகன்ற பக்கத்தைக் காதோடு ஒட்டிவையுங்கள்.

கலியமூர்த்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ராமசுப்ரமணியன் உதட்டில் விரல் வைத்து, வாயே திறக்காத சேவலை அதட்டுகிறார். இந்திராணி ஒரு கையைக் கறுப்பியின் முதுகில் வைத்தபடி, என்னைப் பார்க்காமல் உங்களைப் பார்க்கிறார்.

"கேக்குதா, கேக்கலியா? ஜல்தி சொல்லுங்க, முட்டை ஆறுது."