பலாமரத்து இடைவெளி

எனக்குக் கோபம் மூக்குமேல் நிற்கும். இதை நானாகச் சொல்லவில்லை. என் மனைவி கலைச்செல்வி கல்யாணமான மூன்றாம் நாளே சொல்லிவிட்டாள். அந்தக் கோபத்தால் எங்கள் ஊர்க் கால்பந்து மைதானமே கையைவிட்டுப் போக இருந்தது. போகாமல் காப்பாற்றியவர்களுக்கு நன்றி சொல்லத்தான் வாயைத் திறக்கிறேன். நடுவில் எங்காவது எகிறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்போம், எடப்புளி நாடு எங்களுடையது. மலையில் சமமான இடம் கிடைப்பதே பெரிய விஷயம். எங்கள் மைதானத்துக்கு மூன்று பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். பந்து அந்தப் பக்கம் போய்விட்டால், நூறடி கீழே சென்னம்மாக்காவின் குச்சிக்கிழங்குக் காட்டில், அதாவது மரவள்ளிக் காட்டில்தான் போய் விழும். இறங்க நாலு நிமிடம் ஆகும், ஏறக் கால் மணி நேரம் ஆகும். அதனால் எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் பார்க்க வருகிற யாரும் மேட்டில் சௌகரியமாக உட்காரக் கூடாது. பள்ளத்து ஓரமாக, தோளோடு தோள் ஒட்டி வரிசையாக நின்றுதான் பார்க்க வேண்டும். பந்து வந்தால் நெஞ்சிலோ காலிலோ வாங்கி உள்ளே தள்ள வேண்டும். இதற்குப் பள்ளம் நிற்பது என்று பெயர். "ஏனுங்க, ஞாயித்துக்கெழம பள்ளம் நிக்க வாரீங்களா?" என்றுதான் ஆட்டத்துக்கே கூப்பிடுவார்கள். உள்ளே பதினோரு பேர் ஆடுவார்கள், ஓரத்தில் நாற்பது பேர் நிற்போம். பதினெட்டு வருடமாக அந்த நாற்பது பேருக்கும் நான்தான் தலைவன். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, என் சத்தம்தான் பெரிது.

ஊர் அணி என் உயிர். ஆனால் மனசுக்குள் இன்னொரு அணியும் குடியிருந்தது. வாலிப வயதில் திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தடவை இங்கிலாந்துக்குப் போகிற சிவப்புச் சட்டைகள் வந்தன. இரண்டாயிரம் கழுத்துப்பட்டை என் கையால் தைத்தேன். அதை எவன் போட்டுக்கொண்டு ஆடுகிறான் என்று பார்க்கத்தான் டிவி முன்னால் உட்கார்ந்தேன். மான்செஸ்டர் என்கிற ஊரின் சிவப்புச் சட்டை அணி. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

என் மச்சான் சின்னராசு, கலைச்செல்வியின் அண்ணன், அதே மான்செஸ்டரின் இன்னொரு அணியான நீலச் சட்டைக்காரர்கள் பக்கம். ஏன் நீலம் என்று கேட்டால், "நீங்க செவப்பு, அதான்" என்பான். வேறு காரணம் ஒன்றும் கிடையாது.

போன ஐப்பசியில் சிவப்பு நீலத்திடம் மண்ணைக் கவ்வியது. மறுநாள் விடிந்ததும் சின்னராசு செம்மேட்டுக்கு வண்டியை விட்டு ஒரு டப்பா மைசூர்பாகு வாங்கிவந்து, தட்டில் அடுக்கி, ஊர் முழுக்கக் கொடுக்கக் கிளம்பினான். கொடுக்கிறவன் எங்கே தொடங்க வேண்டும்? என் வீட்டில் தொடங்கினான். "எடுத்துக்குங்க மாப்ள, வாயெல்லாம் கசந்து கெடக்குமில்ல" என்றான். தட்டைத் தட்டிவிட்டேன். அத்தனையும் வாசலில் உருண்டது, கோழிகள் கொத்தின. அவன் தட்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு போனான். ஆறு மாதம் பேச்சுவார்த்தை இல்லை.

பள்ளத்து ஓரத்தின் நடுவில் ஒரு பலாமரம் உண்டு. அதற்கு இடப்பக்கம் நானும் என் ஆட்களும், வலப்பக்கம் அவனும் அவன் ஆட்களும் என்று ஆகிவிட்டது. மான்செஸ்டர் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாதவர்கள்கூடச் சிவப்பு, நீலம் என்று பிரிந்தார்கள். மரத்தை ஒட்டி மட்டும் யாரும் நிற்பதில்லை. நின்றால் எதிராளியின் தோளில் தோள் உரசுமே! அங்கே ஆறு முழத்துக்கு இடைவெளி விழுந்தது. அதன் வழியாகப் பந்துகள் போக ஆரம்பித்தன.

அடிவாரத்து ஊர்களையும் எங்களையும் சேர்த்து ஒரு லீக் நடக்கிறது. எங்கள் மைதானத்தில் பந்தைத் தேடியே பாதிப் பொழுது போகிறது என்று கீழே இருந்து வருகிற அணிகள் புகார் சொன்னார்கள். பொய்யும் இல்லை. பங்குனிக் கடைசியில் வருகிற கடைசி ஆட்டத்தை நேரில் பார்ப்பதாகக் கமிட்டி முடிவு செய்தது. பந்துக்காகப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆட்டம் நின்றால் மைதானம் ரத்து. அப்புறம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏற வேண்டும். மிளகு பறிப்பையும் காட்டு வேலையையும் விட்டுவிட்டு எத்தனை பேர் வருவார்கள்? அணி ஒரு வருடம்கூடத் தாங்காது.

அணியின் கேப்டன் சந்தோஷ்குமார் என் அக்கா மகன். ஆட்டத்துக்கு முதல் நாள் என் வீட்டுக்கு வந்தான்.

"மாமா, நாளைக்கு ஒருநா மட்டும் அந்த மரத்துக்கிட்ட ஒட்டி நில்லுங்க. சின்னராசு மாமாகிட்டயும் சொல்லிட்டுத்தான் வாரேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"நீங்க வந்து கூப்புட்டா நிக்கறாராம்."

"அவன் வந்து கூப்பிடட்டும், நான் நிக்கறேன்."

சந்தோஷ் எழுந்துவிட்டான். "அந்த மான்செஸ்டர்ல எவனுக்காச்சும் உங்க ரெண்டு பேரு பேரும் தெரியுமாங்க மாமா?" என்று கேட்டுவிட்டுப் போனான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அவன் கேட்டது சரி என்பதால் இன்னும் அதிகமாக வந்தது.

மறுநாள் மூன்றரை மணிக்கு ஆட்டம். அடிவாரத்து அணி வேனில் வந்து இறங்கியது. கமிட்டியிலிருந்து மாதேஸ்வரன் என்பவர் கைக்கடிகாரமும் ஒரு படிவமுமாக வந்து மேட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். விதிப்படி பந்து மைதானத்துக்காரர்கள்தான் கொடுக்க வேண்டும். எங்களிடம் மீதி இருந்ததே மூன்று பந்துகள். ஒன்று முள்ளில் குத்தி வெடித்தது. இன்னொன்றில் தையல் விட்டுப்போனது. இரண்டு அணியும் ஆளுக்கு ஒரு கோல் போட்டிருந்தன. மூன்றாவது பந்தில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது என் தலைகுனிவைச் சொல்ல வேண்டும். அன்றைக்கு நம்மூர்ச் சாயங்கால நேரத்தில்தான் மான்செஸ்டரில் சிவப்புக்கும் நீலத்துக்கும் ஆட்டம். பள்ளம் நின்றவர்களில் பாதிப்பேர் கையில் போன். என் கையிலும்தான். ஐந்து மணி தாண்டியிருக்கும், போனில் சிவப்பு ஒரு கோல் போட்டது. நான் குதித்தேன். என் பக்கத்து ஆட்கள் எல்லோரும் குதித்தார்கள். அந்தப் பக்கம் நீலக்காரர்கள் தலையில் கை வைத்துக் குனிந்தார்கள். அந்த நேரம் பார்த்து சந்தோஷ் தடுத்து உதைத்த பந்து எங்களை நோக்கி வந்தது. அவசரமே இல்லாமல், தரையில் உருண்டு, பலாமரத்துக்கும் எனக்கும் நடுவில் புகுந்து போயே போய்விட்டது. ஒரு காலை நீட்டியிருந்தால் நின்றிருக்கும்.

மாதேஸ்வரன் கடிகாரத்தைப் பார்த்தார். சந்தோஷ் என்னைத் திட்டவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

போனைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து சின்னராசுவும் ஓடிவந்தான். இறங்க ஒரே தடம்தான். முன்னும் பின்னுமாகச் சறுக்கிக்கொண்டு இறங்கினோம். அப்போதும் பேசவில்லை, பாருங்கள்!

கீழே கிழங்குக் காட்டில் சென்னம்மாக்கா இடுப்பில் பந்தும் கையில் கொடுவாளுமாக நின்றிருந்தார். எங்கள் இருவரையும் சின்ன வயதிலிருந்தே அறிந்தவர். கால்பந்து என்றாலே அவருக்கு ஆகாது. இன்னொரு பந்து வந்தால் அறுத்துக் கொடியில் தொங்கவிடுவேன் என்று மாசியிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்.

"ரெண்டு பேரும் ஒண்ணா வாரீங்க? இன்னிக்கு மழதான்" என்றார்.

"அக்கா, பந்தக் குடுங்க. நேரமில்லீங்க" என்றேன்.

"முன்னெல்லாம் வருசத்துக்கு ரெண்டு பந்து வந்தா அதிகம். ஐப்பசிக்கப்புறம் இது பத்தாவது. எல்லாம் அந்தப் பலாமரத்துக்கிட்ட இருந்துதான் வருது. ஒவ்வொண்ணுக்கும் நாலு செடி போவுது. நீங்க ரெண்டு பேரும் பேசிக்காததுக்கு எங்கெழங்கு என்னடா பண்ணுச்சு?"

கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. "தப்புதாங்கக்கா" என்றேன்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற? அங்க சொல்லு" என்று கொடுவாளால் சின்னராசுவைக் காட்டினார்.

சின்னராசு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "மச்சான், அன்னிக்குத் தட்டத் தட்டி விட்டிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கங்க" என்றேன்.

"நானும் உங்கூட்டுல தொடங்கியிருக்கக் கூடாது மாப்ள" என்றான். "கடைசியா வந்திருக்கணும்."

"செரி, கொஞ்சுனது போதும். இதக் கொண்டுபோங்க" என்று அக்கா பந்தை நீட்டினார்.

"ஏறக் கால்மணி நேரமாவுங்கக்கா. அஞ்சு நிமிசங்கூட இல்ல" என்றான் சின்னராசு. அவன் கண் கலங்கியிருந்தது. என்னுடையதும்தான்.

சென்னம்மாக்கா எங்களை மடையர்களைப் பார்ப்பது போலப் பார்த்தார். "கெழங்கு வெட்டுனா எப்படிடா மேல ஏத்தறோம்? ஒருத்தனே கூடையத் தூக்கிட்டா ஏறறான்?"

அட! கிழங்கு அறுவடையில் சரிவு நெடுக ஆள் நின்று, கூடையைக் கைமாற்றிக் கைமாற்றித்தான் மேலே அனுப்புவோம். வருடா வருடம் செய்கிற வேலை. பந்து என்றதும் புத்தி மழுங்கிப்போய்விட்டது.

"எறங்குங்கடா!" என்று மேலே பார்த்துக் கத்தினேன். பதினெட்டு வருடமாகக் கத்திப் பழகிய தொண்டை அன்றைக்குத்தான் உருப்படியாக ஒரு வேலை செய்தது. "கெழங்கு ஏத்தற மாதிரி வரிசையா நில்லுங்க! அத்தன பேரும்!"

இறங்கினார்கள். சிவப்பா, நீலமா என்று பார்க்க நேரம் ஏது? முந்தி இறங்கியவன் கீழே நின்றான், பிந்தியவன் அவனுக்கு மேலே நின்றான். அக்கா பந்தை என்னிடம் எறிந்தார். "மச்சான்!" என்று நான் எறிந்தேன். சின்னராசு பிடித்து மேலே எறிந்தான். பந்து ஒவ்வொரு கையாக ஏறியது. நடுவில் ஒருவன் தவறவிட்டான். அவனுக்குக் கீழே நின்றவன் விழுந்து பிடித்தான். மேலே இருந்து யாரோ, "ஒம்போதே முக்கால் நிமிசம்!" என்று கத்தியது கேட்டது. அதற்குப் பின்னாலேயே விசில். ஆட்டம் தொடங்கிவிட்டது.

மற்றவர்கள் மேலே ஓடினார்கள். நாங்கள் இருவரும் கிழங்குச் செடிகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டோம். கொஞ்ச நேரத்தில் மேலே பெரிய சத்தம் எழுந்தது.

"யாருடா கோல் போட்டது?" என்றார் சென்னம்மாக்கா. அவர் அப்படிக் கேட்டு நான் கேட்டதே இல்லை.

அடிவாரத்துக்காரர்கள்தான் போட்டிருந்தார்கள். இரண்டுக்கு ஒன்று, தோற்றோம். அக்காவையும் கூட்டிக்கொண்டு மேலே வந்தபோது மாதேஸ்வரன் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். சந்தோஷ் பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"பள்ளத்துப் பக்கம் வேலி உண்டான்னு ஒரு கேள்வி இருக்குதுங்க" என்றார் மாதேஸ்வரன். "உண்டுன்னு எழுதிட்டேன். நாப்பது பேரு பந்தக் கைமாத்தி ஏத்துனத என் கண்ணால பாத்தேன். அதவிடவா ஒரு வேலி? அடுத்த வருசமும் இங்கயே ஆடுங்க. வேலிக்குப் பொறுப்பாளர்னு யாரு பேரப் போடட்டும்?"

சந்தோஷ் என்னைக் கட்டிக்கொண்டான். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். பதினெட்டு வருடம் அந்தப் பெயர் என்னுடையதாகத்தான் இருந்தது. மைதானத்தைக் காப்பாற்றியது என் சத்தம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"சென்னம்மாள்னு போடுங்க" என்றேன்.

"ஆமாங்க, அதேதான்" என்றான் சின்னராசு.

"ஏன்டா! எனக்குப் பந்துன்னாலே ஆவாதுன்னு தெரியுமில்ல?" என்று அக்கா கத்தினார்.

"அதனாலதாங்கக்கா" என்றேன். "நீங்கதான் ஒண்ணையும் கீழ விடமாட்டீங்க."

இந்த வருட லீக் தொடங்கி ஐந்து ஆட்டம் முடிந்துவிட்டது. பலாமரத்தடியில் சென்னம்மாக்கா நிற்கிறார். அவருக்கு இடத்தோளில் நான், வலத்தோளில் சின்னராசு. எவனாவது போனை எடுத்தால் அவர் பார்க்கிற பார்வையிலேயே அது பைக்குள் போய்விடும். ஒரு பந்துகூடக் கீழே போகவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் அந்த ஓரத்தில் நிற்கும்போது, ரொம்ப நன்றிக்கா என்று மனசுக்குள் சொல்லிக்கொள்கிறேன். வெளியே சொன்னால் திட்டுவார்.

போன வாரம் சிவப்பு மறுபடியும் தோற்றது. சின்னராசு செம்மேட்டிலிருந்து மைசூர்பாகு வாங்கிவந்தான். முதல் துண்டைச் சென்னம்மாக்காவிடம் கொடுத்தான். ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியாக என் வீட்டு வாசலில் வந்து தயங்கி நின்றான். நானே போய் எடுத்துக்கொண்டேன். நன்றாகத்தான் இருந்தது.